செங்கமடை ஹேங் ஆன கதை

கௌசிகாவோட கல்யாண வீடியோ பதினாலாவது நிமிஷம் இருபத்திரெண்டாவது செகண்டுல நின்ன அன்னைக்கு, பகல் பன்னெண்டே கால் மணிக்கு, எங்க ஊரு செங்கமடையும் நின்னுச்சு. கம்ப்யூட்டர்ல அந்த வட்டம் சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு, "சவம், இதுக்கு வேற வேலையே இல்லை"ன்னு மௌஸைத் தட்டிட்டு நான் டீயை எடுக்கத் திரும்பினா, எங்க வீட்டுக்காரர் ஐகோர்ட்துரை தம்ளர்ல டீ ஊத்தின மேனிக்கு நிக்காரு. கை நின்னுருச்சு, கண்ணு நின்னுருச்சு, டீ மட்டும் நிக்கலை. தம்ளர் நிரம்பி, மேசை நிரம்பி, கீபோர்டைப் பார்த்து வந்துக்கிட்டிருக்கு. ஜன்னல் வழியாத் தெருவைப் பார்த்தா, வாழைத்தார் ஏத்தினவன் தாரைத் தோள்ல வச்சபடி நிக்கான், இளநி சீவினவன் அரிவாளை ஓங்கினபடி நிக்கான், எதுத்த வீட்டுக் கனகமணி மைனி யாரையோ வைய வாயைத் திறந்தவ திறந்தபடி நிக்கா. மாடு போச்சு, நாய் போச்சு, திருச்செந்தூர் பஸ்ஸு வெளியூர் ஆளுகளோட ஹாரன் அடிச்சுக்கிட்டே போச்சு. பதினோரு செகண்டு. அப்புறம் வீடியோ டபக்குனு ஓட, ஊரும் ஓடுச்சு, இவரு மேசையைப் பார்த்துட்டு "ஏட்டி, தம்ளரை எடுக்கிறதுக்கு என்ன"ன்னு என்னையே வஞ்சாரு.

என் பேரு முத்துக்கனி. இவரு கல்யாணம் எடுப்பாரு, நான் அதை வெட்டி ஒட்டுவேன், பதினெட்டு வருஷமா இதான் பிழைப்பு. நான் ஒரு கல்யாணத்துக்கும் போறதில்லை. நீங்க பார்க்கிறது மூணு மணி நேரப் படம், நான் பார்க்கிறது வெட்டாத இருபத்தாறு மணி நேரம். அதைப் பார்த்தவளுக்குப் பந்தியில போய் உக்கார மனசு வராது. பக்கத்து இலை லட்டை எடுத்து மடியில கட்டுற கையைப் பார்த்திருக்கேன், பொண்ணு கழுத்துல கிடக்கிறதை விரலால தூக்கிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குற நாலு பொம்பளைகளைப் பார்த்திருக்கேன், மூக்கைச் சிந்திட்டுக் கையை வேட்டியில துடைச்சு அதே கையால மணமக்கள் தலையில அட்சதை போடுற பெரிய மனுஷனைப் பார்த்திருக்கேன், தூங்குற பிள்ளையை ஃபோட்டோவுக்காகக் கிள்ளி எழுப்புற தாயைப் பார்த்திருக்கேன். கருமம், அத்தனையும் நான் வெட்டி எறிஞ்ச பிறகுதான் அதுக்கு மங்களகரம்னு பேரு வருது.

கௌசிகா கல்யாணத்துக்கு வராதவங்கன்னு செங்கமடையில என்னைத் தவிர யாரும் இல்லை. கனகமணி மைனி மகன் தினகருக்குக் கல்யாணம்னா சும்மாவா, வாழைக்காய் மண்டிக்காரங்கள்ல இருந்து போஸ்ட்மேன் வரைக்கும் வந்து மண்டபத்துல நின்னாங்க, படத்துல விழுந்தாங்க, கேமரா பிடிச்ச எங்க வீட்டுக்காரர்கூட இன்னொரு கேமராவுல விழுந்தாரு. அதனால வீடியோ நின்னா, அந்த வீடியோவுக்குள்ள இருந்த ஊரும் நின்னுச்சு. இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லைன்னு ஊர் ரெண்டே நாள்ல முடிவு பண்ணிருச்சு.

லேக் அடிச்சா, அதாவது வீடியோ திக்கி நின்னா, என்ன செய்யணும்னு எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். முதல்ல பிரிவியூ குவாலிட்டியைக் குறைப்போம்; முழுசை அரையாக்கி, அரையைக் காலாக்கினா, படம் மங்கினாலும் தடங்கல் இல்லாம ஓடும். காலாக்கினேன். அன்னைக்கு ஊர்ல ஆள் முகமெல்லாம் கட்டங்கட்டமா மங்கிப் போச்சு, மூக்கு எது கன்னம் எதுன்னு தெரியாம பொண்டாட்டிமாரு புருஷனைச் சட்டையை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. இதுக்காவது ஊர் பதறுச்சான்னா, இல்லை. கனகமணி மைனி மட்டும் தெருவைத் தாண்டி வந்து, "ஏட்டி கனி, என் மூக்குத்தி மின்னவே மாட்டேங்கு, வைரம்னு எவளுக்குத் தெரியும், கூட்டி வையி"ன்னா. கூட்டி வச்சேன். அடுத்தது கேஷை அழிச்சேன். கேஷ்ங்கிறது ஏற்கனவே ஓட்டிப் பார்த்ததைக் கம்ப்யூட்டர் தின்னுட்டு மிச்சம் வச்சிருக்கிற எச்சில். அழிச்ச மறுநாள், காலையில தின்ன இட்லி பாதிப் பேருக்கு மறந்து போச்சு, உக்காந்து திரும்பவும் தின்னாங்க, அதுல ஒருத்தருக்கும் வருத்தமில்லை. பிராக்ஸி போட்டேன், பெரிய ஃபைலைத் தூக்கி வச்சுட்டு அதோட சின்ன நகல்ல வேலை பார்க்கிறது அது. ஊர்ல எல்லாரும் ஒரு வாரம் எடை குறைஞ்சு, வேட்டி இடுப்புல நிக்காம, "வாக்கிங் போறது இப்பத்தான் வேலை செய்யுது"ன்னு ஒருத்தரை ஒருத்தர் மெச்சிக்கிட்டாங்க. ரேம் கூட்டினேன். டிரைவர் சாஃப்ட்வேரை மாத்தினேன். திருநெல்வேலியில இருந்து சர்வீஸ்காரன் வந்து, பெட்டியைத் திறந்து ஊதி, உள்ள செத்துக் கிடந்த பல்லியை ரெண்டு விரலால எடுத்து வெளிய போட்டுட்டு, "மிஷின் நல்லாத்தான்க்கா இருக்கு"ன்னு போயிட்டான். ஓட்டிப் பார்க்காமலே படத்தை முடிச்சிருவோம்னு ரெண்டர் போட்டா, அது தொண்ணூத்தொன்பது சதவீதம் வரைக்கும் போய் அங்கேயே உக்காந்துக்கிச்சு. நான் ஒவ்வொரு தடவை ஓட்டிப் பார்க்கவும் ஹேங் நீண்டுச்சு. பதினோரு செகண்டு ஒரு நிமிஷமாச்சு, ஒரு நிமிஷம் நாலாச்சு, நாலு நிமிஷம் கால் மணி நேரமாச்சு.

மனுஷன்தான் நின்னான், நெருப்பு நிக்கலை. அந்த நாலு நிமிஷ ஹேங் அன்னைக்கு, டீக்கடைப் பால் பொங்குச்சு, வடைச் சட்டி புகைஞ்சுது, ஒரு ஆட்டோ டிரைவரோட உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்துல முட்டுச்சு, என்ன செய்யன்னு தெரியாம நான் வாசலுக்கு ஓடினா, தெருவுல இன்னொரு பொம்பளை ஓடிக்கிட்டிருக்கா. பால் சட்டியை இறக்கி வைக்கிறா, அடுப்பை அணைக்கிறா, ஆட்டோச் சாவியைத் திருகுறா, நடுரோட்டுல நிக்கிற ஒரு பிள்ளையைக் கட்டையைத் தூக்குற மாதிரித் தூக்கி ஓரத்துல வைக்கிறா, அடுத்த வீட்டுக்குள்ள போறா. அது சந்தனமாரி அக்கா. கௌசிகாவைப் பெத்த தாய்.

மகள் கல்யாணத்துல தாய் எப்படிப் படத்துல இல்லாமப் போனான்னு கேப்பீங்க. சந்தனமாரி அக்கா புருஷன் கௌசிகாவுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. அக்கா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சு, அந்தப் பிள்ளையைப் பி.எஸ்.ஸி. படிக்க வச்சு, கட்டியும் கொடுத்தா. கல்யாணத்தன்னைக்குக் காலையில மண்டபத்துக்கு முதல்ல வந்தவ அவதான், வந்தவளைக் கனகமணி மைனி மண்டபத்து ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய், தேங்காய் மூட்டைக்கும் இலைக்கட்டுக்கும் நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டு, "சம்பந்தி, முகூர்த்தம் முடியுற வரைக்கும் சாமான் களவு போகாமப் பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா. இருபத்தாறு மணி நேரப் படத்துல சமையக்காரன் இருக்கான், செருப்புத் திருட வந்தவன் இருக்கான், மண்டபத்துப் பூனை ரெண்டு தடவை இருக்கு. பெத்தவ இல்லை.

அதான் அவ நிக்கலை. ஊரே நின்னப்ப அவ நடந்தா.

இப்ப ஊர் என்ன பண்ணணும்? "தாயே, எங்க வீடு எரியாமக் காப்பாத்தினியே"ன்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்கணும்ல? பண்ணலை, அதுதான் செங்கமடை. முதல்ல கண்டுபிடிச்சது என்னன்னா, ஹேங் ஆகி எந்திரிச்சா உடம்பு லேசா இருக்கு, முட்டி வலி ரெண்டு நாளைக்கு எட்டிப் பார்க்கிறதில்லை, மூளையில ஒரு கவலை கிடக்கிறதில்லை. மண்டிக்காரங்க கூடிப் பேசி, கண்ட நேரத்துல கனி ஓட்டினா வியாபாரம் கெடுது, அதனால தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு ரெண்டு மணிக்கு ஒரு தடவை ஓட்டட்டும், கால் மணி நேரம் ஆனதும் நிப்பாட்டட்டும்னு முடிவு பண்ணாங்க. ஒண்ணே முக்காலுக்குக் கோயில் ஸ்பீக்கர்ல அறிவிப்பு வரும். வண்டியை நிப்பாட்டுவாங்க, கடை ஷட்டரைப் பாதி இறக்குவாங்க, வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சாய்ஞ்சுக்குவாங்க, சில பேரு வெத்தலையை வாயில அதக்கிக்கிட்டே சாய்வாங்க. நான் ஸ்பேஸ் பாரைத் தட்டுவேன். மொத்த ஊரும் மரக்கட்டை மாதிரி விறைச்சுக்கும்.

அந்தக் கண்றாவியை நீங்க பார்த்திருக்கணும். எண்ணூறு வாயி, எண்ணூறும் திறந்து கிடக்கும். வெத்தலைச் சாறு தாடையில வழியும், குடிச்சவன் வாயில நுரை தள்ளும், பல்லிடுக்குல மீன் முள்ளு தெரியும், சாப்பாட்டு வாடைக்கு ஈ வந்து உதட்டுல உக்காந்து, உள்ள போயி, நாக்குல நடந்து, வெளிய வரும். சத்தியமாச் சொல்லுதேன், மூணு நாள் எனக்குச் சோறு இறங்கலை. சந்தனமாரி அக்கா ஒரு பழைய துணியும் ஒரு வாளித் தண்ணியும் எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போவா. அடுப்பைப் பார்ப்பா, தொட்டில்ல கிடக்கிற பிள்ளை குப்புற விழுந்திருந்தா நிமிர்த்துவா, வெயில் மூஞ்சியில அடிச்சா நாற்காலியை நிழலுக்கு இழுப்பா, ஈயை ஓட்டி, எச்சிலைத் துடைச்சு, துணியை அலசி அடுத்த வாய்க்குப் போவா. ஊர்ல அத்தனை வீட்டுச் சாவிக்கும் ஒரு மாத்துச் சாவி அவ இடுப்புல தொங்குச்சு. ஒரு நல்ல காரியத்துக்கு அவளை உள்ள விடாத வீட்டுச் சாவியெல்லாம் அதுல இருந்துச்சு.

ஒரு நாள் கனகமணி மைனி என்கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் மாதிரிச் சொன்னா: "கனி, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. துடைக்கிறதைத் துடைச்சுட்டு, நாங்க முழிக்கிறதுக்கு முன்னால போயிரச் சொல்லு. கண்ணைத் திறந்ததும் அவ மூஞ்சியில முழிச்சா நல்லாவா இருக்கும்?"

த்தூ. இதைக் கேட்டு நான் என்ன சொன்னேன்னு நினைக்கீங்க? "சரி மைனி"ன்னேன். சொல்லவும் சொன்னேன். சந்தனமாரி அக்கா துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, "அதுக்கென்ன, பதிமூணாவது நிமிஷமே போயிருதேன்"ன்னா. அவளுக்குக் கோபமே வரலை, அதுதான் எனக்கு எல்லாத்தையும் விட எரிச்சலா வந்துச்சு.

கௌசிகா மேலயும் எனக்கு வெறுப்புத்தான். அந்தப் பிள்ளையும் ரெண்டு மணிக்கு மாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில வந்து உக்காரும், தன் வாயை யார் துடைக்கப் போறான்னு தெரிஞ்சே கண்ணை மூடும். ஒரு தெரு தள்ளி இருக்கிற அம்மா வீட்டுக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து போனதில்லை. "அத்தை வேண்டாங்காவ"ங்கிறதுதான் அதுக்குத் தெரிஞ்ச ஒரே பதில். சந்தனமாரி அக்கா கைக்கு எட்டின வாயையெல்லாம் முடிச்சுட்டுக் கடைசியாத்தான் மகள்கிட்ட வருவா, துணியைப் போட்டுட்டுத் தன் முந்தானையால துடைப்பா, துடைச்சுட்டு, கிளம்புறதுக்கு முன்னால மிச்சம் இருக்கிற ரெண்டு நிமிஷமும் பக்கத்துல தரையில உக்காந்திருப்பா. நான் ஜன்னல் வழியாப் பார்ப்பேன்.

கௌசிகா உண்டாகி ஏழாம் மாசம் பிறந்தப்ப வளைகாப்புக்கு நாள் குறிச்சாங்க. வளைகாப்பு முடிஞ்சா பிள்ளைத்தாச்சியைத் தாய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் எங்க பக்கத்து வழக்கம், தலைப்பிரசவம் தாய் வீட்டுல. கனகமணி மைனி அதை மாத்தினா. முதல் வளையலைத் தினகரோட அத்தைக்காரி போடுவா, பிரசவம் இங்கேயே, தாலியறுத்தவ வீட்டுக்கு வயித்துப் பிள்ளையோட அனுப்ப முடியாதுன்னுட்டா. கௌசிகா வழக்கம்போலத் தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

மறுநாள் காலையில சந்தனமாரி அக்கா, வீட்டு முன்னறையில இருக்கிற எங்க வீடியோக் கடைக்கு வந்தா. ஒரு பேப்பர்ல சுத்தின கண்ணாடி வளையல் கையில, பச்சையும் சிவப்பும்.

"கனி, வளைகாப்பு நடக்கும்போது ஒரு தடவை ஓட்டுதியா? ஒரு அஞ்சு நிமிஷம். நான் போய் முதல் வளையலைப் போட்டுட்டு வந்துருதேன்."

"அவளுக்கு எப்படிக்கா தெரியும்? அவளும்ல நின்னுருவா."

"தெரிய வேண்டாம். கையில கிடந்தாப் போதும். கூட்டத்துல யாரோ போட்டாவன்னு நினைச்சுக்கிடட்டும்."

நான் அவ மூஞ்சியைப் பார்க்காம மானிட்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஏன்னா, இவ படத்துல இல்லவே இல்லைன்னு சொன்னேன்ல, அது பொய். பதினாலாவது நிமிஷம் இருபத்திரெண்டாவது செகண்டுல இருந்து பதினோரு செகண்டு, மேளம் கொட்டி, தினகர் தாலியைக் கட்டும்போது, மேடைக்குப் பின்னால ஸ்டோர் ரூம் கதவு ஒரு சாண் திறந்து அதுல சந்தனமாரி அக்கா முகம் தெரியும். அதைக் கண்டுபிடிச்சது கனகமணி மைனிதான். என் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்து, காராச்சேவு தின்னுக்கிட்டே படம் பார்த்தவ, எண்ணெய் விரலை என் மானிட்டர்ல வச்சு, "ஏட்டி, தாலி கட்டுற நேரத்துல இது என்ன சவம் மாதிரி, மறை"ன்னா. அந்த ஷாட்டை வெட்ட முடியாது, தாலிக் கட்டு வேற கேமராவுல விழலை. எங்க தொழில்ல இதுக்கு ஒரு வழி இருக்கு. ரோஜா இதழ் மேல இருந்து கொட்டுற எஃபெக்ட்டை எடுத்து, மறைக்க வேண்டிய முகத்துக்கு மேல கொட்ட விட்டுருவோம். செங்கமடையில எந்தக் கல்யாணப் படத்துலயாவது திடீர்னு ஒரு மூலையில மட்டும் பூ கொட்டுச்சுன்னா, அங்க ஒரு கைம்பெண் நிக்கிறான்னு அர்த்தம். பதினெட்டு வருஷத்துல எத்தனை பேர் மேல கொட்டியிருக்கேன்னு எனக்கே தெரியாது. ஆனா இவ முகம் மட்டும் மறையவே மாட்டேன்னுச்சு. ஒரு அடுக்குப் போட்டா இதழ் சந்துல கண்ணு தெரிஞ்சுது, ரெண்டு அடுக்குப் போட்டா சிரிப்பு தெரிஞ்சுது. இருபத்தேழு அடுக்குப் போட்டேன், அப்பத்தான் மறைஞ்சா; படத்துல இருந்து மறைஞ்சதாலதான் ஊரோட அவ நிக்கலை.

இருபத்தேழு அடுக்கு ஏத்தினா எந்த மிஷினும் திணறும்னு தொழில் தெரிஞ்ச எவளும் முதல்ல அதைத்தான் சந்தேகப்படுவா. நான் ரேமைச் சந்தேகப்பட்டேன், டிரைவரைச் சந்தேகப்பட்டேன், பல்லியைச் சந்தேகப்பட்டேன். நான் பண்ணின காரியத்தை மட்டும் தொடவே இல்லை.

சரிக்கா, ஓட்டுதேன்னு அக்காவை அனுப்பிட்டு நேரா எதுத்த வீட்டுக்குப் போனேன். மண்டிக்காரங்க நாலு பேரும் பந்தல் விஷயம் பேச அங்கதான் இருந்தாங்க, நல்லதாப் போச்சுன்னு எல்லார் முன்னாலயும் உடைச்சுச் சொன்னேன். "மைனி, லேக் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சு போச்சு. பூவை எடுத்துட்டா வீடியோ தங்குதடை இல்லாம ஓடும். ஊரும் ஓடும். உங்களுக்கும் படம் கைக்கு வந்துரும். பதினோரு செகண்டு மட்டும் உங்க சம்பந்தி மூலையில தெரிவாவ."

கனகமணி மைனி யோசிக்கக்கூட இல்லை. "பதினோரு செகண்டா? தாலி கட்டும்போதா? நாங்க ஹேங் ஆகிக்கிடுதோம்."

மண்டிக்காரங்களும் தலையாட்டினாங்க. அதுல ஒருத்தர், அதான் மூக்கைச் சிந்தின பெரிய மனுஷன், "இப்ப எல்லாம் நல்லபடியாத்தானம்மா போய்க்கிட்டு இருக்கு, அடுப்பைப் பார்க்க ஆள் இருக்கு, உனக்கு எதுக்கு இந்தக் கோட்டித்தனம்"ன்னாரு. கௌசிகா உள்ள, காதுல விழுற தூரத்துல, முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்துச்சு. கேட்டுச்சு. கீரையையே பார்த்துக்கிட்டிருந்துச்சு.

வளைகாப்பு அன்னைக்குக் காலையில பத்தரைக்கு, கனகமணி வீட்டு வாசல்ல தெருவை அடைச்சுப் பந்தல். நான் என் ஜன்னலோரம், கம்ப்யூட்டர் முன்னால. கௌசிகாவை நடுநாற்காலியில உக்கார வச்சு, கன்னத்துல சந்தனம் அப்பி, எதுத்தாப்புல ஏழு வகைச் சோத்தைப் பரப்பி வச்சிருந்தாங்க. பந்தல் ஓரத்துல சமையக்காரன் பெரிய உருளியில பாயாசம் கிண்டிக்கிட்டிருந்தான். பொம்பளைகள் எல்லாரும் ஒருத்தி பட்டை ஒருத்தி தடவிப் பார்த்துக்கிட்டு, முகத்துக்கு நேரா "நல்லாருக்கே"ன்னுட்டு, அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, எதையெல்லாம் வழக்கமா நான் வெட்டுவேனோ அதையெல்லாம் வரிசையாப் பண்ணிக்கிட்டிருந்தாங்க. தினகரோட அத்தைக்காரி முதல் வளையலை எடுத்துக் கௌசிகா கையைப் பிடிக்கப் போனா. நான் ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். வட்டம் சுத்துச்சு. பந்தல் விறைச்சுது.

சந்தனமாரி அக்கா சந்துக்குள்ள இருந்து வந்தா. ஒரு வாயைத் துடைக்கலை, ஒரு அடுப்பைப் பார்க்கலை, நேரா மகள் முன்னால போய் மண்டி போட்டு, பேப்பரைப் பிரிச்சு, பச்சை வளையலை எடுத்து அந்த விரல்ல நுழைச்சா.

ஏறலை.

வளையல் போட்டுக்கிட்டவங்களுக்குத் தெரியும். போடுறவ எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும், போட்டுக்கிறவ கை கொடுக்கணும். கட்டைவிரலை உள்ள மடக்கி, உள்ளங்கையைக் குவிச்சு, வலிச்சாலும் பொறுத்துக்கிட்டுக் கொடுக்கணும். கௌசிகா கை விரிஞ்சபடி விறைச்சிருந்துச்சு. அக்கா மெல்ல அமுக்கிப் பார்த்தா, வளையல் விரல் முட்டியில நின்னுச்சு. எச்சில் தொட்டுத் தடவினா, நின்னுச்சு. ஏழு வகைச் சோத்துல நெய்ச்சோத்தை எடுத்து மகள் கையில தேய்ச்சா, ஒரு துளி நகர்ந்துட்டு நின்னுச்சு. இன்னும் அழுத்தினா உடையும். வளைகாப்புல வளையல் உடைஞ்சா என்ன சொல்வாங்கன்னு அவளுக்குத் தெரியும், யார் கையால உடைஞ்சதுன்னு சொல்வாங்கன்னும் தெரியும். அவ அழுத்தவும் முடியாம, எடுக்கவும் மனசில்லாம, வளையலைப் பிடிச்சபடியே திரும்பி என் ஜன்னலைப் பார்த்தா. எத்தனையோ மாசமா எத்தனையோ வாயைத் துடைச்சவ முகத்துல அன்னைக்குத்தான் முதல் தடவையாக் கண்ணீரைப் பார்த்தேன், அதைத் துடைக்க ஊர்ல ஒரு கை அசையலை.

சீ, நானும் ஒரு பொம்பளையான்னு வந்துச்சு எனக்கு. மௌஸை எடுத்தேன், இருபத்தேழு அடுக்கையும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்புல பிடிச்சேன், டெலீட்டைத் தட்டினேன்.

வட்டம் நின்னுச்சு. வீடியோ ஓடுச்சு. கதவு ஒரு சாண் திறந்தது, அந்த இடுக்குல தேங்காய் நார் ஒட்டின தலையோட சந்தனமாரி அக்கா மகள் கழுத்தைப் பார்த்துச் சிரிச்சா, ஒரு தடங்கல் இல்லை, ஒரு ஃபிரேம் விடலை, வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. வெளியே பந்தல் மூச்சு விட்டுச்சு.

முழிச்ச கௌசிகா முதல்ல பார்த்தது அம்மா மூஞ்சியைத்தான். ரெண்டு பேருக்கும் நடுவுல விரல் முட்டியில சிக்கின வளையல். அத்தைக்காரி கையில வேற ஒரு வளையலோட என்ன நடக்குதுன்னு தெரியாம முழிச்சா, சுத்தி நின்ன அத்தனை பேரும் வாயைத் திறந்தாங்க, இந்தத் தடவை ஹேங் இல்லாமலே.

"ஏ மூதேவி!" கனகமணி மைனி குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. "நல்ல காரியத்துல வந்து கையை வச்சிட்டியே! ஏட்டி கௌசி, கையை உருவு! உருவுட்டி!"

சந்தனமாரி அக்கா வளையலை விடாமலே மைனியை நிமிர்ந்து பார்த்தா. "போட்டுட்டுப் போயிரலாம்னுதான்... ஏறலை... நான் எடுத்துருதேன் மைனி, எடுத்துருதேன்..."

வளையலை வெளிய இழுக்கப் போனா. கௌசிகா அம்மாவையும் பார்க்கலை, மாமியாரையும் பார்க்கலை, தன் கையையே பார்த்துச்சு. அப்புறம் கட்டைவிரலை உள்ள மடக்கிச்சு.

வளையல் ஏறிருச்சு.

"அந்தக் கைக்கு?"ன்னு கேட்டுச்சு கௌசிகா.

அக்காவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. சிவப்பு வளையலைத் தடவி எடுத்தா, போட்டா, அதுவும் ஏறிருச்சு. அத்தை வேண்டாங்காவன்னு மட்டுமே பேசத் தெரிஞ்ச அந்தப் பிள்ளை, நாற்காலிக் கையைப் பிடிச்சு, வயித்தைத் தாங்கி எந்திரிச்சு, சந்தனம் அப்பின கன்னத்தோட அம்மா தோளைப் பிடிச்சுக்கிச்சு.

"வீட்டுக்குப் போவோம்மா."

"போனா இந்த வாசலை மிதிக்கப்பிடாது, சொல்லிட்டேன்!" கனகமணி மைனி கத்தினா. தினகர் ஒரு அடி முன்னால வந்தான், அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், பின்னால போயிட்டான். பெரிய மனுஷன் தொண்டையைச் செருமிட்டு வேட்டியில மூக்கைத் துடைச்சாரு. ஒருத்தரும் வழி விடலை, ஒருத்தரும் மறிக்கவும் இல்லை, ரெண்டு பேரும் அந்தப் பட்டுச் சேலைகளுக்கு நடுவுல ஒதுங்கி ஒதுங்கி நடந்து பந்தல் ஓரத்துக்கு வந்தாங்க.

அங்க பாயாசம் பொங்கிக்கிட்டிருந்துச்சு. சமையக்காரன் கரண்டியைக் கையில வச்சபடி வேடிக்கை பார்க்கிறான், நுரை விளிம்புக்கு வந்துருச்சு. சந்தனமாரி அக்கா கால் தானா அடுப்புப் பக்கம் திரும்பிச்சு, கை நீண்டுச்சு. கௌசிகா அந்தக் கையைப் பிடிச்சு இழுத்துச்சு.

"விடும்மா. எல்லாரும் முழிச்சுத்தான இருக்காவ."

ரெண்டு பேரும் சந்துக்குள்ள திரும்பினாங்க. பாயாசம் பொங்கி, உருளி வழிஞ்சு, அடுப்புல ஊத்தி, தீஞ்ச வாடை தெரு முழுக்க அடிச்சுது, அதை நகர்த்தி வைக்க ஒருத்தர் கையும் நீளலை.